தேடினால் கிடைப்பதில்லை, கிடைத்தால் படிக்க முடிவதில்லை: வலைப்பக்க எழுத்துக்கு அறிகுறிவாரியாகச் சில வைத்தியம்

வலைப்பக்கம் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், கை நேராக எழுத்துருவை மாற்றத்தான் போகும். நானும் பல நாள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். எழுத்துரு மாறும், புகார் மட்டும் அப்படியே இருக்கும். பிறகுதான் ஒன்று பிடிபட்டது. திரையில் நம் கண் பார்க்கும் வரி ஒன்று. அதே வரியை உலாவியும் தேடுபொறியும், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளும் பார்ப்பது இன்னொரு விதம். இந்த இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் பாதித் தொல்லை முளைக்கிறது.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பக்கத்தில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். எது என்றே தெரியவில்லையா? பக்கத்தைப் போனில் திறந்து, அதில் இருப்பதாக உங்களுக்கு நிச்சயம் தெரிந்த ஒரு தகவலை 10 விநாடிக்குள் கண்டுபிடிக்கப் பாருங்கள். விரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

## வருகிறார்கள், உருட்டுகிறார்கள், "அது எங்கே இருக்கு?" என்று மறுபடி கேட்கிறார்கள்

பக்கத்திலேயே பதில் இருக்கும். இருந்தும் கேட்பார்கள். எரிச்சல் வரத்தான் செய்யும், ஆனால் குற்றம் அவர்கள் மேல் இல்லை. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட சோதனையில், புதிய பக்கம் எதைப் பார்த்தாலும் மேலோட்டமாக மேய்ந்தவர்கள் 79 சதவீதம். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். 2006இல் அவருடைய குழு 232 பேரின் பார்வை போகும் வழியைக் கருவி வைத்துப் பதிவு செய்தபோது, கண் ஆங்கில எஃப் எழுத்தின் வடிவில் நகர்வது தெரிந்தது. மேலே ஒரு முழு வரி, கொஞ்சம் கீழே ஒரு அரை வரி, அப்புறம் இடது ஓரமாகவே ஒரு சறுக்கல்.

இடது ஓரம் என்றால் ஒவ்வொரு பத்தியிலும் முதல் இரண்டு மூன்று சொல். நாம் அந்த இடத்தில் என்ன வைக்கிறோம்? "அதுமட்டுமல்லாமல்", "இதனைத் தொடர்ந்து", "மேற்கண்டவாறு", "இந்நிலையில்". விலை உயர்ந்த இடத்தில் வெற்றுச் சொல். தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. நீண்ட வாக்கியம் எழுதினால் சொல்ல வந்த செய்தி வலது கோடியில் போய் ஒளிந்துகொள்ளும். எஃப் வடிவத்தில் சறுக்குகிற கண் அங்கே போவதே இல்லை.

இப்படி ஒரு பத்தி:

"மேற்கண்ட விதிமுறைகளைக் கருத்தில் கொண்டு விண்ணப்பதாரர்கள் தங்களது படிவங்களைப் பூர்த்தி செய்து அனுப்பும் பட்சத்தில், அவை கிடைக்கப்பெற்ற 7 நாட்களுக்குள் உரிய பதில் அனுப்பி வைக்கப்படும்."

இதையே இப்படி எழுதலாம்:

"7 நாளில் பதில் வரும். படிவம் எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு."

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு பத்தியின் முதல் மூன்று சொல்லை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அதை வைத்தே பத்தி எதைப் பற்றியது என்று ஓரளவு சொல்ல முடிந்தால் சரி. முடியாத பத்திகளை மட்டும் திருத்துங்கள். வாக்கியத்தை வெட்டினாலே பாதி வேலை முடியும். "பட்சத்தில்", "நிலையில்", "வகையில்" என்று எங்கெல்லாம் ஒட்டுப் போட்டிருக்கிறதோ அங்கெல்லாம் கத்தி வைக்கலாம்.

பத்தியின் நீளத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு போன் திரைதான். ஒரு பத்தி திரையை முழுதாக நிரப்பினால் அது நீளம். அதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிப் பத்தியாக உடைப்பதும் வேண்டாம். அப்படிச் செய்தால் எது எதோடு சேர்ந்தது என்றே தெரியாது.

பட்டியல் விஷயத்திலும் ஒரு வார்த்தை. படிப்படியாகச் செய்ய வேண்டியது என்றால் எண் போட்ட பட்டியல். வரிசை முக்கியமில்லாத நாலைந்து பொருள் என்றால் புள்ளிப் பட்டியல். இரண்டே பொருள் என்றால் சும்மா வாக்கியமாக எழுதுங்கள். முழுப் பக்கத்தையும் புள்ளி புள்ளியாக மாற்றிவிட்டு "எளிமையாக்கிவிட்டேன்" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணமும் விளைவும் தனித்தனிப் புள்ளியாகப் பிரிந்து கிடக்கும் பக்கத்தைப் படிப்பது, பிய்த்துப் போட்ட கடிதத்தைப் படிப்பது மாதிரி.

## தலைப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன, பொருளடக்கம் மட்டும் காலி

தானாகப் பொருளடக்கம் உருவாக்கும் செருகுநிரலைப் போட்டிருப்பீர்கள். பக்கத்தில் ஆறு தலைப்பு பளிச்சென்று தெரியும், பொருளடக்கத்தில் ஒன்றுகூட வராது. அல்லது திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவர், "உங்க பக்கத்துல தலைப்பே இல்லையே" என்பார்.

இது வேடம் போட்ட தலைப்பு. சாதாரணப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, தடிமனாக்கி, அளவைக் கூட்டி, நிறம் கொடுத்திருக்கிறோம். கண்ணுக்கு அது தலைப்பு. உலாவிக்கு அது கொஞ்சம் கொழுத்த பத்தி, அவ்வளவுதான். என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். 2ஐ அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்குப் போகும். வேடம் போட்ட தலைப்பில் இந்த விசைகள் எதுவும் நிற்காது. பக்கத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டே ஆக வேண்டும். கண்ணால் பார்ப்பவர் இரண்டு விநாடியில் செய்வதை அவர் பத்து நிமிடத்தில் செய்கிறார்.

சரிபார்க்கும் வழி: வேர்ட்பிரஸ் என்றால் எடிட்டரில் ஆவணக் கண்ணோட்டத்தைத் திறந்து, அவுட்லைன் பகுதியைப் பாருங்கள். உண்மையான தலைப்பு மட்டும்தான் அங்கே வரும். வேறு எந்தக் கருவி என்றாலும், அந்த வரியில் கர்சரை வைத்தால் மேலே உள்ள பெட்டி "பத்தி" என்கிறதா "தலைப்பு" என்கிறதா என்று தெரிந்துவிடும்.

திருத்தும்போது மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். எச்1 என்ற முதல் நிலைத் தலைப்பு பக்கத்தின் பெயருக்கு, ஒன்று போதும். அதன் கீழ் பெரும் பிரிவுகள் எச்2, அவற்றுக்குள் எச்3. அளவு சின்னதாக இருந்தால் அழகாக இருக்கிறது என்பதற்காக எச்2ஐத் தாண்டி எச்4ஐ எடுக்காதீர்கள். நிலை என்பது வரிசைக்கு. அளவை நடைதாளில் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில்) மாற்றிக்கொள்ளலாம். தலைப்பு நிலைகள் முன்பின்னாக இருந்தால் தன் தேடல் வரிசைக்குப் பாதிப்பில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. ஆகவே தேடலில் மேலே வரலாம் என்ற ஆசையில் இதைச் செய்ய வேண்டாம். திரைவாசிப்பானோடு வருகிறவருக்காகச் செய்யுங்கள்.

தலைப்பின் சொற்களும் வேலை செய்ய வேண்டும். "பொது", "விவரங்கள்", "கூடுதல் தகவல்" என்ற தலைப்புகள் எல்லாம் பெயர் எழுதாத டப்பாக்கள். "பணம் திரும்ப வர எத்தனை நாள்?" என்று எழுதினால் திறந்து பார்க்காமலே உள்ளே இருப்பது தெரியும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு ஐடி, அதாவது அடையாளப் பெயர், கொடுத்துவிட்டால், அந்தப் பகுதிக்கே நேராக இணைப்பு அனுப்பலாம். கேள்வி கேட்பவருக்கு முழுப் பக்கத்தையும் கொடுத்து "தேடிக்கோங்க" என்று சொல்ல வேண்டியதில்லை.

## வார்த்தை கண்முன்னே இருக்கிறது, கண்ட்ரோல்+எஃப் போட்டால் "0 முடிவு"

எனக்குப் பிடித்த அறிகுறி இது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் எனக்குத் தம்பி முறையாகும் ஒருவன் போன் செய்தான். "அண்ணே, மௌனம் பத்தி எழுதியிருக்கீங்கன்னு சொன்னீங்க. பக்கத்துல தேடினா வரவே மாட்டேங்குது." நான் திறந்து பார்க்கிறேன், மூன்றாம் பத்தியிலேயே இருக்கிறது. "கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு" என்றேன். அவன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். தேடல் பெட்டியில் மௌனம். கீழே பக்கத்தில் மெளனம். எண்ணிக்கை 0.

இந்த இரண்டு சொல்லையும் மறுபடி பாருங்கள். மௌனம், மெளனம். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. முதலாவதில் ம என்ற எழுத்தோடு ஔகாரக் குறி ஒன்று. இரண்டாவதில் மெ தனி, பக்கத்தில் ள என்ற முழு எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் இரண்டும் வேறு வேறு வரிசை. உலாவிக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். நான்தான் அவசரத்தில் ள போட்டு எழுதியிருக்கிறேன்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எடிட்டரில் அந்த எழுத்துக்கு வலப்புறம் கர்சரை வைத்து, பின்னழி (பேக்ஸ்பேஸ்) விசையை ஒருமுறை தட்டுங்கள். ம மட்டும் மிஞ்சினால் எழுதியது சரி. மெ மிஞ்சினால் உள்ளே ள உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பார்த்ததும் எல்லா இடத்திலும் ஒரே அடியாகக் கண்டறிந்து மாற்றிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். நான் செய்தேன். வெள்ளை, தெளிவு, வெளி என்று நிஜமாகவே ள வர வேண்டிய சொற்கள் எல்லாம் நொறுங்கிப்போயின. ஒ, ள சேர்ந்து வரும் ஒளவையை ஔவையாகத் திருத்தப் போனால் ஒளி, ஒளிவு எல்லாம் அழியும். மௌனம், கௌரவம், பௌர்ணமி, சௌகரியம், யௌவனம், ஔவை, ஔடதம் என்று சொல் சொல்லாகப் பட்டியல் போட்டு மாற்றுவதுதான் வழி. ஔகாரச் சொற்கள் தமிழில் அதிகம் இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. எகரம் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு, அதாவது ௭. "என்று" என்பதற்குப் பதில் "௭ன்று". கண் ஏமாறும், தேடல் ஏமாறாது. படத்திலிருந்து எழுத்தை உணரும் மென்பொருள் வழியாக வந்த பக்கங்களில் துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும். "காலம்" என்பது "கரலம்" ஆகியிருக்கும். ஸ்ரீயிலும் இரண்டு வகை: ஸகரம் வைத்தது ஒன்று, ஶகரம் வைத்தது இன்னொன்று. ஶ என்ற எழுத்தே யூனிகோடுக்கு 2005இல் 4.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் தட்டச்சானதெல்லாம் ஸகரம்தான். உங்கள் தளத்தில் ஒன்றை முடிவு செய்து அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தெல்லாம் சரி, ஆனாலும் கிடைக்கவில்லையா? அப்படியானால் வேற்றுமை உருபைச் சந்தேகப்படுங்கள். ஆங்கிலத்துக்கு எழுதிய அறிவுரைகளில் இது இருக்காது. படிப்பவர் "மரம்" என்று தேடுவார். பக்கத்தில் மரத்தை, மரத்தில், மரங்கள், மரத்தடி என்று பத்து இடத்தில் இருக்கும். மரம் என்ற வடிவம் ஒரு இடத்தில்கூட இருக்காது. உலாவியின் தேடலுக்கு இலக்கணம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அவ்வளவுதான். "கணக்கைத் தொடங்குதல்" என்று தலைப்பு வைத்தால் "கணக்கு" என்று தேடுபவருக்கு அந்தத் தலைப்பு கிடைக்காது. "கணக்கு தொடங்குவது எப்படி?" என்று வைத்தால் கிடைக்கும். ஆகவே எந்தப் பொருளைப் பற்றிய பக்கமோ அதன் பெயர், உருபு ஏறாத வடிவத்தில், தலைப்பில் ஒருமுறையும் முதல் பத்தியில் ஒருமுறையும் வரட்டும். தேடுகிற பக்கம் இருப்பவருக்கு ஒரு குறுக்குவழி: "கணக்" என்று பாதியில் நிறுத்தித் தேடினால் கணக்கு, கணக்கை, கணக்கில் எல்லாம் அகப்படும்.

சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் இப்படித்தான் காலை வாரும். இணையதளம், இணையத்தளம், இணையத் தளம். மூன்றும் மூன்று சொல். எது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஒரு தளத்துக்குள் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான் வேண்டுகோள்.

இவை எதுவும் இல்லை என்றால், சொல் படத்துக்குள் இருக்கலாம், மடித்து வைத்த பெட்டிக்குள் இருக்கலாம், அல்லது பிடிஎஃப் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். படம் என்றால் அதில் உள்ள செய்தியை எழுத்தாகவும் பக்கத்தில் போடுங்கள். படத்தைப் பார்க்க முடியாதவருக்காக மாற்று உரையும் எழுதுங்கள். பிடிஎஃப் ஒட்டல் என்றால் கொம்பு இடம் மாறியிருக்கும். கண் அதைப் பார்க்கும் வரிசை வேறு, யூனிகோடு சேமிக்கும் வரிசை வேறு. கெ என்பதில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் க முதலில், கொம்பு அடுத்து. பிடிஎஃப் பல நேரம் கண் பார்க்கும் வரிசையிலேயே கொடுத்துவிடும். எழுத்துகளுக்கு நடுவே புள்ளிகளால் ஆன சின்ன வட்டம் தெரிந்தால், அது ஒட்டிக்கொள்ள எழுத்து கிடைக்காத குறி. அந்தச் சொல்லை மறுபடி தட்டச்சு செய்வதுதான் விரைவான வழி.

## வரிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன, பத்து நிமிடத்தில் கண் களைத்துவிடுகிறது

எழுத்துருவைத் தொடும் முன் வரி இடைவெளியைப் பாருங்கள். தளத்துக்கான ஆயத்த வடிவமைப்புகள், அதாவது வார்ப்புருக்கள், பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து அளந்தவை. தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே கூ, மூ, ணு, ஸ்ரீ என்று இறங்கும் வால்களும் உண்டு. வரி இடைவெளி 1.2 என்றிருந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். நடைதாளில் லைன்-ஹைட் மதிப்பை 1.6 முதல் 1.8 வரை வைத்துப் பாருங்கள். டபிள்யூசிஏஜி எனும் அணுகல்தன்மை வழிகாட்டி தன் மிக உயர்ந்த நிலைக்கு 1.5 கேட்கிறது. தமிழுக்கு அதுவும் கொஞ்சம் இறுக்கம்தான் என்பது என் எண்ணம்.

அடுத்து வரியின் நீளம். அதே வழிகாட்டி ஒரு வரிக்கு 80 எழுத்துக்கு மேல் போகாதே என்கிறது. நம் சொற்கள் நீளம், எழுத்துகள் அகலம். அதனால் எழுத்தை எண்ணுவதைவிடச் சொல்லை எண்ணுவது சுலபம். கணினித் திரையில் வரிக்கு 7 முதல் 9 சொல் வந்தால் கண் அடுத்த வரியைச் சிரமமில்லாமல் பிடிக்கும். 15 சொல் ஓடும் வரியில், திரும்பி வரும்போது ஒரே வரியை இரண்டு தடவை படிப்போம்.

இரு ஓரமும் நேர்கோடாக இருக்க வேண்டும் என்று வரிகளை இழுத்துக் கட்டியிருக்கிறீர்களா? அவிழ்த்துவிடுங்கள். "அறிமுகப்படுத்தப்பட்டிருக்கிறார்கள்" மாதிரி ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவினால், முந்தைய வரியில் மிஞ்சிய மூன்று சொல்லும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். அச்சில் வடிவமைப்பாளர் கையால் சரிசெய்வார். திரையில் செய்ய ஆள் இல்லை.

நிறம். சாம்பல் எழுத்து மீது சிலருக்கு ஏனோ ஒரு மோகம். வழிகாட்டி கேட்கும் குறைந்தபட்ச நிறவேறுபாடு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு மட்டும் 3க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் 4.48தான் தருகிறது, தேறாது. 767676 என்றால் 4.54, தேறிவிடும். ஆனால் தேர்வில் தேறுவது வேறு, வெயிலில் போனைப் பிடித்துப் படிப்பது வேறு. 333333 வைத்தால் 12க்கு மேல் போகிறது. பார்வைக்கும் மென்மையாகத்தான் இருக்கிறது.

## தடித்த எழுத்து மை கொட்டியது போல, சாய்ந்த எழுத்து விழப்போவது போல

ண, ஞ, ணை போன்ற எழுத்துகளின் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகத் தெரிகிறதா? எழுத்துருவின் சாதாரண வடிவம் மட்டும்தான் இறங்கியிருக்கிறது. தடித்த வடிவம் கிடைக்காததால் உலாவி தானே எழுத்தை உப்ப வைத்திருக்கிறது. எழுத்துருவை இணைக்கும் இடத்தில் 400 என்ற சாதாரண எடையோடு 700 என்ற தடித்த எடையையும் சேர்த்தால் தீர்ந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாவற்றிலும் பல எடைகள் உண்டு. சந்தேகம் இருந்தால், உலாவி தானே தடிமன் உண்டாக்குவதைக் கட்டுப்படுத்தும் ஃபான்ட்-சிந்தஸிஸ் பண்பை நடைதாளில் none என்று வைத்துப் பாருங்கள். தடிமன் மறைந்துபோனால் அது போலித் தடிமன்.

ஒவ்வொரு கருவியிலும் எழுத்து வேறு மாதிரி தெரிகிறது என்றால், நீங்கள் குறிப்பிட்ட எழுத்துருவில் தமிழே இல்லை என்று பொருள். அப்போது ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள எழுத்துருவைப் போடும்: விண்டோஸ் நிர்மலாவைக் கொண்டுவரும், ஆண்ட்ராய்டு நோட்டோவைக் கொண்டுவரும், ஆப்பிள் தமிழ் சங்கம் என்ற எழுத்துருவைக் கொண்டுவரும்.

சாய்ந்த எழுத்துக்குத் தமிழில் மரபு இல்லை. உலாவி சும்மா தள்ளிச் சாய்க்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் தடிமன், மேற்கோள் என்றால் மேற்கோள்குறி. அடிக்கோடு வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்தால் எல்லோரும் இணைப்பு என்று தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு பத்தியில் ஐந்து இடம் தடித்திருந்தால் எதுவும் தடித்ததாகத் தெரியாது.

## போனில் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது

முதலில், பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரி மூலக்குறியீட்டின் தலைப்பகுதியில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போன் தன்னை ஒரு கணினி என்று நினைத்துக்கொண்டு எழுத்தைச் சுருக்கிவிடும்.

அது இருந்தும் இழுக்க வேண்டியிருந்தால், ஏதோ ஒன்று உடையாமல் நிற்கிறது. நீளமான இணைய முகவரி, அகலமான அட்டவணை, அல்லது கண்ணுக்குத் தெரியாத உடையாத இடைவெளி. மூன்றாவதுதான் கள்ளன். வேர்டு போன்ற சொல் செயலியிலிருந்து ஒட்டும்போது, சாதாரண இடைவெளிக்குப் பதில் வரியை உடைக்கவிடாத இடைவெளி வந்து உட்கார்ந்துவிடும். அரைப் பத்தி முழுவதும் ஒரே சொல்லாக உலாவிக்குத் தெரியும். மூலக்குறியீட்டைத் திறந்தால் என்பிஎஸ்பி என்ற குறி வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள். முகவரிகளுக்கு, வரியில் அடங்காத சொல்லை மட்டும் உடைக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் பண்பு போதும். வேர்டு-பிரேக் பண்பை break-all என்று வைக்காதீர்கள். நல்ல சொல்லையும் நடுவில் வெட்டிப் போட்டுவிடும்.

## தேடுபொறியில் வரவில்லை, வந்தாலும் தலைப்பு ஏதோ மாதிரி இருக்கிறது

முதல் சந்தேகம் சப்பென்றிருக்கும்: தேடலில் காட்டாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறி பக்கத்தில் தங்கிவிட்டதா? தளத்தைக் கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்தவர்கள் நிறைய. இரண்டாவது, பக்கம் பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் இருக்கிறதா? அந்த எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், ஆனால் அடியில் இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகளின் குவியல். ஒரு வரியை நகலெடுத்து வெறும் உரைத் திருத்தியில் ஒட்டுங்கள். ஆங்கிலக் கிறுக்கலாக வந்தால் தேடுபொறிக்கும் அது கிறுக்கல்தான். யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பிறகு கொம்பு, துணைக்கால் வரும் இடங்களை ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள்.

பக்கம் முழுக்க ® குறியும் மேல்கோடு போட்ட ஏ எழுத்தும் நிறைந்திருந்தால் கதை வேறு. உரை யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில்தான் இருக்கிறது, உலாவி அதை வேறொன்றாக வாசிக்கிறது. எந்தக் குறியேற்றம் என்று உலாவிக்குச் சொல்லும் சார்செட் வரியைப் பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் வையுங்கள்.

அடுத்தது டைட்டில். உலாவித் தாவலிலும் தேடல் முடிவிலும் வருவது அதுதான். எல்லாப் பக்கத்திலும் தளத்தின் பெயரே டைட்டிலாக இருந்தால் எது எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தின் பொருள் முன்னால், தளத்தின் பெயர் பின்னால். நீளமானால் வால் வெட்டுப்படும். தமிழ் எழுத்து அகலம் என்பதால் சீக்கிரமே வெட்டுப்படும்.

சொல் தேர்வில் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். நாம் "கடவுச்சொல்" என்று எழுதுவோம், ஆட்கள் "பாஸ்வேர்ட்" என்று தேடுவார்கள். தலைப்பில் ஒன்று, முதல் வாக்கியத்தில் இன்னொன்று என்று இரண்டையும் இயல்பாகக் கொண்டுவரலாம். மூலக்குறியீட்டில் மறைந்திருக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா குறியில் நாற்பது சொல்லை அடுக்குவது வீண். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.

பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் (lang) பண்பு தமிழைக் குறிக்கிறதா என்றும் பாருங்கள். ஆங்கிலம் என்று விட்டிருந்தால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும். கேட்டவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

## இணைப்பை அனுப்பினால் ஒரு முழம் வால் தொங்குகிறது

முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால், பகிரும்போது ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகும். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஐந்து ஒன்பது 45 எழுத்து. ஒரு சொல்லுக்கே இவ்வளவு. எந்திரத்துக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் செய்தியில் ஒட்டினால் பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயப்படுகிறார். என் பக்கங்களுக்கு நான் சின்ன ரோமன் எழுத்து முகவரிதான் வைக்கிறேன். தமிழ் முகவரி வைப்பவர்கள் மேல் கோபமில்லை, இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. வெளியிட்ட பிறகு முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட மறக்காதீர்கள்.

பக்கத்துக்குள் இருக்கும் இணைப்புகளில் "இங்கே சொடுக்கவும்" என்பதை எடுத்துவிடுங்கள். திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்தால் "இங்கே, இங்கே, இங்கே" என்று பத்து வரி வரும். "படிவத்தைப் பதிவிறக்க" என்று போகும் இடத்தின் பெயரையே இணைப்பாக்குங்கள்.

## எல்லாம் திருத்தியாகிவிட்டது, அடுத்த வாரம் மறுபடி பழையபடி

யாரோ சொல் செயலியிலிருந்து நேராக ஒட்டுகிறார்கள். அதோடு எழுத்துரு, அளவு, நிறம், உடையாத இடைவெளி எல்லாம் கூடவே வருகின்றன. ஒவ்வொரு பத்தியின் உள்ளேயும் தனி நடை எழுதப்பட்டிருப்பதால், நீங்கள் நடைதாளில் மாற்றியது எடுபடாது. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி அழுத்தி ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும். தலைப்பு, பட்டியல், இணைப்பு எல்லாவற்றையும் எடிட்டரிலேயே மறுபடி கொடுக்க வேண்டும். கூடுதல் வேலைதான். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் "வடிவமைப்பை நீக்கு" பொத்தானை அழுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

பலர் சேர்ந்து எழுதும் இடத்தில் சொல்லிப் பார்த்துப் பலனில்லை என்று கண்டபின், எடிட்டரின் கருவிப்பட்டையிலிருந்து எழுத்துரு, அளவு, நிறப் பொத்தான்கள் மூன்றையும் எடுத்துவிட்டேன். முதல் வாரம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் ஒருவர் கேட்டார்: "தலைப்பைப் பெருசாக்க என்ன செய்யணும் சார்?" எச்2ஐக் காட்டினேன்.